பைத்தனோடு வரும் எக்ஸ்எம்எல் பார்சர்கள்: எதை எடுப்பது, எதை விடுவது

எக்ஸ்எம்எல் என்பது தரவைக் குறிச்சொற்களுக்கு நடுவில் வைத்து எழுதும் கோப்பு வடிவம்; அதைப் பிரித்து வாசிக்கும் நிரல்தான் பார்சர். பைத்தனை நிறுவிய கையோடு எக்ஸ்எம்எல் வாசிக்க மூன்று வழிகள் கணினிக்குள் வந்துவிடுகின்றன: மினிடொம், சாக்ஸ், எலிமென்ட்ரீ. மூன்றும் இலவசம். மூன்றும் மொழியின் நியம நூலகத்தைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் அடியில் கோப்பை உண்மையில் வாசிப்பது ஜேம்ஸ் கிளார்க் எழுதத் தொடங்கிய எக்ஸ்பாட் என்ற ஒரே சி நிரல்தான். ஆனாலும் இவற்றில் எதைத் தேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வேலைநாள் மாறும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எலிமென்ட்ரீயை எடுங்கள். ஏன் அதை எடுக்க வேண்டும், எங்கெல்லாம் அது காலை வாரிவிடும் என்பதைத்தான் மீதியில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒரு மாடியறையில் இருந்து வேலை செய்கிறோம். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் முகவர்களுக்கும் அவர்களின் வார்ஃப் கிளார்க்குகளுக்கும் சிறு மென்பொருள்கள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். இடையிடையே மும்மொழிச் செயலிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகளைச் சீர்செய்து கொடுப்பதும் உண்டு. சுங்கத்தில் ஓடும் அசிக்குடா வேர்ல்ட் என்ற மென்பொருள், கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனங்களை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கவும் ஏற்றவும் விடுகிறது. வங்கிகளின் ஐஎஸ்ஓ 20022 கொடுப்பனவுச் செய்திகள் எக்ஸ்எம்எல். அன்ட்ரொயிட் செயலியில் சிங்களச் சொற்றொடர்களும் தமிழ்ச் சொற்றொடர்களும் உட்கார்ந்திருக்கும் கோப்பும் எக்ஸ்எம்எல். ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவம் வந்து இதையெல்லாம் துடைத்துவிட்டது என்று இளையவர்கள் நம்புகிறார்கள். துறைமுகத்துப் பக்கம் கொஞ்சக் காலம் வேலை செய்தால் அந்த நம்பிக்கை தானாகப் போய்விடும்.

எந்தப் பார்சரையும் எடைபோட நான் வைத்திருக்கும் உரைகல் தமிழ் விக்கிப்பீடியாவின் முழுப் பிரதி. விக்கிமீடியா அதை எக்ஸ்எம்எல்லாகவே இலவசமாகத் தருகிறது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள், எல்லாம் தமிழ், எல்லாம் ஒரே கோப்பில். வாடிக்கையாளரின் கோப்பைக் காட்டி யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. இதை யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

மினிடொம்மில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதை விரைவாக அனுப்பிவிடலாம். எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரையை இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது 1998 பெப்ரவரி 10ஆம் திகதி. அதே ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி ஆவணத்தை ஒரு மரமாக நிரலிடம் கொடுக்கும் டொம் இடைமுகத்தின் முதல் நிலையையும் வெளியிட்டது. எந்தக் கணினி மொழியின் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதை ஐடிஎல் என்ற பொது விவரிப்பு மொழியில் எழுதினார்கள். பின்னிணைப்பில் ஜாவாவுக்கும் எக்மாஸ்கிரிப்டுக்கும் அதன் வடிவங்களைக் கொடுத்தார்கள். பைத்தன் 2.0 வந்த 2000 ஒக்டோபரில் எக்ஸ்எம்எல் பொதியும் நியம நூலகத்துக்குள் வந்தது. டொம்மின் சுருக்கமாக மினிடொம்மும் அதனுடன் சேர்ந்து வந்தது.

நடுநிலை நல்ல நோக்கம்தான். ஆனால் டொம் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி, எந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் அல்ல. பைத்தன்காரருக்குப் பட்டியல் என்றால் அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டு எடுக்கலாம், ஒரு சுற்றில் விட்டு ஓட்டலாம். டொம்மிலோ ஒரு கட்டுரையின் தலைப்பை எடுக்க 'கெட்எலிமென்ட்ஸ்பைடேக்நேம்' என்று 20 ஆங்கில எழுத்துகளைத் தட்ட வேண்டும். வருவதில் முதலாவதைப் பிடிக்க வேண்டும். அதன் முதல் பிள்ளையைக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையிடம் தரவைக் கேட்க வேண்டும். உறுப்பு, அதாவது திறக்கும் குறிச்சொல்லிலிருந்து மூடும் குறிச்சொல் வரை உள்ள பகுதி, வெறுமையாக இருந்துவிட்டால் முதல் பிள்ளையே இல்லை; நிரல் அங்கேயே விழும். கோப்பை எழுதியவர் அழகாக உள்தள்ளி எழுதியிருந்தால் இன்னும் மோசம். முதல் பிள்ளையாக உங்களிடம் வந்து நிற்பது ஒரு வரிமுறிவும் நான்கு வெற்றிடங்களும் மட்டும் கொண்ட உரைக்கணு. சரி, கடைசியில் அழகாக அச்சிட்டாவது தருமா என்றால், ஏற்கெனவே உள்தள்ளிய கோப்பை வாசித்து 'டுபிரிட்டிஎக்ஸ்எம்எல்' வழியாக எழுதிப் பாருங்கள்: வரிக்கு வரி வெற்று வரிகள் முளைக்கும். அதை மறுபடி வாசித்து மறுபடி எழுதினால் அவை பெருகும்.

நினைவகம் இன்னொரு கணக்கு. மினிடொம் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் மரமாகக் கட்டுகிறது. அதில் ஒவ்வொரு உரைத்துண்டும் தனியொரு பைத்தன் பொருள். அதனால் கோப்பின் அளவைவிடப் பல மடங்கு இடம் போய்விடுகிறது. 2022இல் ஒரு டொலர் 360 ரூபாயைத் தாண்டிய மாதங்களில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ராம் விலை கேட்டுத் திரும்பியவர்களுக்கு இது வெறும் தத்துவப் பிரச்சினை அல்ல. 8 கிகாபைட் மடிக்கணினியில் விக்கிப்பீடியாப் பிரதியை மினிடொம்முக்குக் கொடுப்பது, மின்வெட்டுக்கு முன்பே கணினியை அணைத்து வைப்பதற்குச் சமம்.

உலாவியில் ஜாவாஸ்கிரிப்டோடு வளர்ந்தவர்களுக்கு டொம் கைப்பழக்கமாக இருக்கும். சிறு கோப்பென்றால் அவர்கள் இதிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பைத்தனின் சொந்த ஆவணமே, டொம் பழக்கமில்லாதவர்கள் எலிமென்ட்ரீயைப் பார்க்கட்டும் என்று மினிடொம் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கடைக்காரரே அடுத்த கடையைக் கைகாட்டும்போது நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சாக்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. டேவிட் மெகின்சன் முன்னின்று நடத்த, எக்ஸ்எம்எல்லோடு அன்றாடம் மல்லுக்கட்டிய நிரலாளர்கள் பலர் சேர்ந்து பேசி முடித்து 1998 மே மாதம் வெளியிட்டார்கள். டொம்முக்கு ஐந்து மாதம் முந்தியது. எந்த அமைப்பின் முத்திரையும் அதில் கிடையாது. ஆனால் எழுதியவர்களே பயன்படுத்துபவர்களாகவும் இருந்ததால் தேவையில்லாத எலும்பு ஒன்றுகூட அதில் இல்லை. பார்சர் கோப்பை ஓடிக்கொண்டே போகும். குறிச்சொல் திறந்தால் உங்களை அழைக்கும், உரை வந்தால் அழைக்கும், குறிச்சொல் மூடினால் அழைக்கும். எதையும் நினைவில் வைத்திருக்காது. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் நினைவகச் செலவு ஏறாது.

எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது உங்கள் தலையில் விழும் என்பதுதான் சிக்கல். இப்போது தலைப்புக்குள் இருக்கிறோமா, கட்டுரைக்குள் இருக்கிறோமா, எந்தக் கட்டுரை என்பதற்கெல்லாம் கொடி கொடியாக மாறிகள் வைத்து நிரல் எழுத வேண்டும். இது எந்த மொழிக்காரருக்கும் பொதுவான தொல்லை. தமிழர்களுக்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது. அதை ஆங்கிலக் கையேடுகளில் பார்க்க முடியாது.

உரையை ஒரே துண்டாகத் தருவேன் என்று சாக்ஸ் எங்கும் வாக்களிக்கவில்லை. பைத்தனின் சாக்ஸ் வாசிப்பான் ஒரு தடவைக்கு 65,536 பைட் என்ற கணக்கில் கோப்பை எடுத்து எக்ஸ்பாட்டுக்கு ஊட்டுகிறது. ஒவ்வொரு கவளத்தின் முடிவிலும் அதுவரை சேர்ந்த உரையை உங்களிடம் தள்ளிவிடும். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட். பைட் நடுவில் முறிந்தால் எக்ஸ்பாட் பார்த்துக்கொள்ளும், அதில் குறை இல்லை. ஆனால் 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து, யூனிகோடுக்கு இரண்டு குறியீடு: 'க' ஒன்று, ஒகர உயிர்க்குறி ஒன்று. கவளத்தின் எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் ஓர் அழைப்பில் 'க' வரும், அடுத்த அழைப்பு உயிர்க்குறியோடு தொடங்கும். 'கொழும்பு' என்று தேடும் நிரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். அச்சிட்டுப் பார்த்தால் புள்ளி வட்டத்தின் மேல் ஏறிய உயிர்க்குறி ஒன்று அநாதையாக நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டாகப் பிரிந்தால் எழுத்துகளாவது முழுதாக இருக்கும். நமக்கு எழுத்தே உடைகிறது. துண்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, உறுப்பு மூடும்போது ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் சிறு மாதிரிக் கோப்பில் சோதிக்கிறவர் இதை ஒருபோதும் பார்க்க மாட்டார். பெரிய கோப்பில், ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில், சில சொற்கள் மட்டும் காணாமல் போகும்.

எலிமென்ட்ரீ இந்த ஒட்டுவேலையைத் தானே செய்துவிடுகிறது. அதற்காகவே அதற்குப் பாதி மதிப்பெண்.

அதை எழுதியவர் ஃபிரெட்ரிக் லுண்ட் என்ற சுவீடன்காரர். பைத்தனில் படங்களைக் கையாளும் பிஐஎல் நூலகத்துக்கும் தொடக்கம் அவர்தான். 2021 நவம்பரில் காலமானார். எலிமென்ட்ரீ 2006 செப்டெம்பரில் பைத்தன் 2.5 பதிப்போடு நியம நூலகத்துக்குள் வந்தது. டபிள்யூ3சி முத்திரை பெற்ற டொம் உள்ளே வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும், மொழியின் பொறுப்பாளர்கள் முத்திரை எதுவும் இல்லாத ஒரு தனி மனிதரின் வடிவமைப்பைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் என்றால், நியமம் என்பதற்கு அவர்கள் கொண்ட பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது: எல்லா மொழிக்கும் ஒத்துவருவதைக் காட்டிலும் இந்த மொழிக்காரரின் கைக்கு ஒத்துவருவது.

ஓர் உறுப்பு அதன் பிள்ளைகளின் பட்டியல்போல நடந்துகொள்ளும். அதன் பண்புகள் அகராதிபோல நடந்துகொள்ளும். உரை வேண்டுமென்றால் 'டெக்ஸ்ட்'. ஒரு பிள்ளையின் உரை மட்டும் போதுமென்றால் 'ஃபைண்ட்டெக்ஸ்ட்' ஒரே வரியில் தந்துவிடும். இல்லாதபோது தர வேண்டிய பதிலையும் அதே வரியில் சொல்லிவிடலாம். பைத்தன் தெரிந்தவருக்குக் கற்க வேண்டியது மிகக் குறைவு. 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து சி மொழியில் எழுதிய வேகமான வடிவம் கேட்காமலே ஓடுகிறது. அதற்கு முன்பு வேகத்துக்கென்று தனிப் பெயரில் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பழைய பெயரை 3.9இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே பழைய பாடக்குறிப்புகளில் சிறிய 'சி' முன்னால் ஒட்டிய எலிமென்ட்ரீயைக் கண்டால் அந்த எழுத்தை வெட்டிவிடுங்கள்.

பெரிய கோப்புகளுக்கு 'இட்டர்பார்ஸ்' இருக்கிறது. சாக்ஸைப் போல ஓடிக்கொண்டே போகும், ஆனால் ஒவ்வொரு கட்டுரையும் முடியும்போது அதைச் சிறு மரமாகக் கட்டிக் கையில் கொடுக்கும். வேலை முடிந்ததும் 'கிளியர்' சொல்லிவிட வேண்டும். கட்டுரையை மட்டும் துடைத்தால் போதாது என்பதைக் கவனியுங்கள்: துடைத்த வெற்று உறுப்புகள் வேர் உறுப்பின் கீழ் ஒன்றரை இலட்சமாக வரிசைகட்டி நிற்கும். வேரையும் பிடித்து வைத்து அதையும் துடைக்க வேண்டும். இப்படிச் செய்தால் விக்கிப்பீடியாப் பிரதி முழுவதும் அந்த 8 கிகாபைட் மடிக்கணினியிலேயே அமைதியாக ஓடிவிடுகிறது.

இனிக் குறைகள். மட்டக்களப்பிலிருந்து வந்து எங்களிடம் பயிற்சி பெறும் பெண் ஒரு நாள் திரையைக் காட்டி, "அக்கா, தமிழைக் கொடுத்தேன், இலக்கங்களாகத் திருப்பித் தருகிறதே?" என்று கேட்டாள். 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று நின்றது. எலிமென்ட்ரீயின் 'டுஸ்ட்ரிங்' வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஆங்கிலத்துக்கு மட்டும் போதுமான பழைய குறிமுறையான அஸ்கியில்தான் எழுதும். அஸ்கிக்குள் அடங்காத எதையும் எண்ணாக மாற்றிவிடும். கோப்பு செல்லாததாகிவிடவில்லை, எந்தப் பார்சரும் அதைத் தமிழாகவே திரும்ப வாசிக்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அதைத் திறந்து பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். "எழுதும்போது குறிமுறையையும் சொல்லிவிடுங்கள்" என்று சொன்னேன். யூனிகோட் அல்லது யூடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. இருந்தாலும், பைத்தன் 3 உலகத்தில் இன்னும் அஸ்கியை இயல்பாக வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

'டெயில்' இன்னொரு புதிர். உறுப்புக்குள் இருக்கும் உரை அதன் 'டெக்ஸ்ட்'. உறுப்பு மூடிய பிறகு வரும் உரையும் அதே உறுப்பிடம்தான் 'டெயில்' என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும். விலைப்பட்டியல், பிரகடனம், வங்கிச் செய்தி போன்ற தரவுக் கோப்புகளில் இது குறுக்கே வராது. வாக்கியங்கள் வரும் கோப்பில்தான் வரும், அதிலும் தமிழில் கூடுதலாக வரும். <ஊர்>கொழும்பு</ஊர்>க்கு என்று எழுதியிருந்தால் ஊர் உறுப்பின் உரை 'கொழும்பு', அதன் வால் 'க்கு'. அந்த உறுப்பை நீக்கச் சொன்னால் வேற்றுமை உருபும், அதன் பின்னால் அடுத்த குறிச்சொல் வரை இருக்கும் முழு வாக்கியமும் சேர்ந்து போய்விடும். நீக்கும் முன் வாலை எடுத்து முந்தைய இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் நீக்க வேண்டும். வடிவமைப்பை எளிமையாக வைப்பதற்காக லுண்ட் கொடுத்த விலை இது. எனக்கு அந்தப் பேரம் ஏற்புடையதே. ஆனால் பாடநூல் பதிப்பிக்கிறவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்கட்டும்.

ஒரே பெயருள்ள குறிச்சொற்கள் மோதாமல் இருக்க அவற்றுக்கு ஒரு முகவரி தருவதே பெயர்வெளி. அதில் எக்ஸ்பாட்டைத் தொடங்கிய கிளார்க்கின் கை மறுபடி தெரிகிறது. அவர் வகுத்த குறிமுறைப்படி முழு முகவரியும் சுருள் அடைப்புக்குறிக்குள் வந்து ஒவ்வொரு குறிச்சொல்லின் முன்னும் ஒட்டிக்கொள்ளும். விக்கிப்பீடியாப் பிரதியில் வெறும் 'பேஜ்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மீடியாவிக்கியின் நீண்ட முகவரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 3.8 பதிப்பிலிருந்து தேடும்போது முகவரியின் இடத்தில் நட்சத்திரக்குறி போட்டுத் தப்பிக்கலாம். எழுதும்போது வேறு கூத்து: மூலக் கோப்பில் இருந்த முன்னொட்டுகளை மறந்துவிட்டு 'என்எஸ்0', 'என்எஸ்1' என்று தானே பெயர் சூட்டிவிடும். கணினிக்கு இரண்டும் ஒன்று. எதிர்ப்பக்கத்தில் சரத்தை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய நிரல் இருந்தால் அதற்கு ஒன்றல்ல. எழுதும் முன் முன்னொட்டுகளைப் பதிவு செய்துவிடுங்கள்.

குறிப்புரைகளையும் அது வாசிக்கும்போதே எறிந்துவிடுகிறது. "இந்தச் சொல் பொத்தானில் வரும், 12 எழுத்துக்கு மேல் போகாதீர்கள்" என்று மொழிபெயர்ப்பாளருக்கு ஒருவர் எழுதி வைத்த குறிப்பு, ஒரு தடவை வாசித்து எழுதியதும் மறைந்துவிடும். 3.8 முதல் அவற்றைக் காப்பாற்றச் சொல்ல ஒரு வழி இருக்கிறது, சொன்னால்தான் காப்பாற்றும். பிள்ளைகள் இல்லாத உறுப்பை நிபந்தனையில் வைத்தால் 'இல்லை' என்று கணக்கிடும் பழைய வினோதமும் உண்டு. தேடிக் கிடைத்த உறுப்பையே கிடைக்கவில்லை என்று நிரல் சொல்லும். 3.12 பதிப்பு இதற்கு எச்சரிக்கை விடத் தொடங்கியிருக்கிறது.

தமிழிலேயே குறிச்சொல் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வைக்கலாம், 1998 முதலே சட்டம் அனுமதிக்கிறது. சில விலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று ஶ என்ற எழுத்து. அது யூனிகோடுக்குள் 2005இல்தான் வந்தது, எக்ஸ்எம்எல் 1.0இன் முதல் நான்கு பதிப்புகள் பெயர்களில் வரக்கூடிய எழுத்துகளைப் பழைய யூனிகோடைப் பார்த்துப் பட்டியலிட்டவை. 2008இன் ஐந்தாம் பதிப்பு கதவைத் திறந்தது, ஆனால் எக்ஸ்பாட் பழைய பட்டியலிலேயே நிற்கிறது. சிங்கள எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இதே கதி, அவையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக ஸ்ரீலங்கா என்று சிங்களத்தில் எழுதி அதைக் குறிச்சொல்லாக வைக்க முடியாது. உரைக்குள் எதை எழுதினாலும் தடையில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. ஒரு கிலோபைட்டுக்கும் குறைந்த கோப்பில் ஒன்றை பத்தாகவும், பத்தை நூறாகவும் விரிக்கும் பெயர்களை அடுக்கி, கடைசியில் நூறு கோடி தடவை ஒரே சொல்லை விரிய வைத்து நினைவகத்தை நிரப்பும் பழைய தாக்குதல் இருக்கிறது. மூன்று வழிகளும் எக்ஸ்பாட்டின் மேலேயே நிற்பதால் மூன்றும் ஒன்றாக விழும், ஒன்றாகத் தப்பும். எக்ஸ்பாட் 2.4.1 முதல் தற்காப்பு உள்ளேயே இருக்கிறது. பைத்தன் பதிப்பைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அதற்குள் இருக்கும் எக்ஸ்பாட்டின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், 'பைஎக்ஸ்பாட்' சொல்லும். வெளியார் அனுப்பும் கோப்பை வாசிக்கும் எவருக்கும் இது கட்டாயம்.

எந்தப் பார்சராலும் தீர்க்க முடியாத தொல்லையும் ஒன்று உண்டு, இலங்கையில் அடிக்கடி எதிர்ப்படுவது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் சரக்குப் பட்டியல், ஏதோ ஒரு பழைய மென்பொருளிலிருந்து எக்ஸ்எம்எல்லாக வரும். சில நாள் நன்றாக ஓடும், சில நாள் 'செல்லாத குறி' என்று வரி எண்ணோடு நின்றுவிடும். பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டியது; கோப்பில் இருப்பது ஆங்கில விசைக்குறிகள், அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. பாமினியில் 'ஈ' இருக்கும் இடம், விசைப்பலகையின் இடது கோணக்குறி. அதாவது எக்ஸ்எம்எல் குறிச்சொல்லைத் திறக்கும் அதே குறி. பட்டியலில் ஈயம் வந்தால் புதிய குறிச்சொல் ஒன்று திறப்பதாக எக்ஸ்பாட் எண்ணி உள்ளே போகும். 'ம்' எழுதிய இடத்தில் அரைப்புள்ளியைக் கண்டு நிற்கும். ஈஸ்ட் வந்தால் முதல் அடியிலேயே நிற்கும். பெயரில் 'அன்ட் சன்ஸ்' என்பதற்கு & போட்ட கடைகள் அந்த வீதிகளில் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை; அதற்கென்று எக்ஸ்எம்எல் வகுத்த மாற்றுவடிவில் எழுதாமல் அப்படியே எழுதினால் அதற்கும் இதே முடிவு. அந்த மென்பொருளை எழுதியவர் எக்ஸ்எம்எல் நூலகம் எதையும் தொடாமல் சரங்களை ஒட்டி ஒட்டிக் கோப்பை ஆக்கியிருக்கிறார். பார்சர் நிற்பது சரிதான். பிழையைக் கண்டால் மேலே போகக் கூடாது என்பதே எக்ஸ்எம்எல்லின் விதி. பைத்தனுக்குத் தனியாக நிறுவிக்கொள்ளும் எல்எக்ஸ்எம்எல் நூலகத்தில் பிழையை விழுங்கிவிட்டு மேலே போகும் ஒரு தெரிவு இருக்கிறது. செய்தியோடைக்கு அது பரவாயில்லை. வரி கட்டும் பட்டியலில் ஒரு வரி சத்தமில்லாமல் மறைவதைவிட நிரல் கத்திக்கொண்டு நிற்பதே மேல்.

மற்ற மொழிகளை எட்டிப் பார்த்தால் இந்தத் தேர்வை எல்லோரும் ஒவ்வொரு விதமாகச் செய்திருக்கிறார்கள். ஜாவா டொம், சாக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு, 2006இல் ஆறாம் பதிப்பில் இழுத்து வாசிக்கும் ஸ்டாக்ஸையும் சேர்த்தது. எதையும் தூக்கி எறியாத வீட்டுப் பரண் அது. ரூபி தன் ஆர்இஎக்ஸ்எம்எல்லை 3.0 பதிப்பில் நியம நூலகத்திலிருந்து எடுத்துக் கூடவே வரும் தனிப் பொதியாக்கியது. ரஸ்ட் நியம நூலகத்தில் எக்ஸ்எம்எல்லைத் தொடவே இல்லை. பிஎச்பியின் சிம்பிள்எக்ஸ்எம்எல் 2004 முதல் எலிமென்ட்ரீக்கு நெருங்கிய மனப்போக்கோடு இருக்கிறது, எனக்கு அதில் குறையில்லை.

எல்எக்ஸ்எம்எல் பற்றிக் கேட்பீர்கள். லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி நூலகத்தின் மேல் கட்டியது. எலிமென்ட்ரீயின் அதே இடைமுகம், கூடவே தேடுவதற்கு முழு எக்ஸ்பாத் 1.0, கோப்பை வேறு வடிவுக்கு மாற்ற எக்ஸ்எஸ்எல்டி, ஸ்கீமா சரிபார்ப்பு எல்லாம். முக்கியமாக, உறுப்புக்குத் தன் பெற்றோர் யாரென்று தெரியும்; எலிமென்ட்ரீயில் தெரியாது. வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக் கணினிகளில் பெரும்பாலும் அதைத்தான் ஓட்டுகிறோம். ஆனால் முகவர் அலுவலகங்களில் இருக்கும் கணினிகள் வேறு. கோட்டைப் பக்கத்து ஒரு மாடியில், இணையம் பூட்டிய பழைய கணினியில், புதிதாக ஒன்றை நிறுவ அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே பைத்தனோடு எது வந்ததோ அதுதான் இருக்கும். நியம நூலகத்துக்குள் எந்த இடைமுகத்தை வைப்பது என்ற தேர்வு அங்கேதான் விலை பெறுகிறது.

ஆகவே எல்எக்ஸ்எம்எல் இருந்தால் அது, இல்லாவிட்டால் எலிமென்ட்ரீ என்று தொடக்கத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுகிறோம். அந்த இரண்டு வரிக்குக் கீழே வரும் நிரல் இரண்டுக்கும் பொதுவாக ஓடும். ஓர் இடத்தில் மட்டும் ஓடாது. எல்எக்ஸ்எம்எல் குறிப்புரைகளை எறியாமல் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரும். அவற்றின் 'டேக்' சரமாக இராது, ஒரு செயற்கூறாக இருக்கும். குறிச்சொல்லின் பெயரைச் சரமென்று நம்பி வெட்டும் வரி அங்கே விழும். எலிமென்ட்ரீயில் மட்டும் சோதித்த நிரலில் இது தெரியவே தெரியாது. இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுத்தனுப்புங்கள்.